அழாமல் சொல்லுங்க

டீச்சர் கண்ணை மூடிக்கொண்டுதான் கதை கேட்பார். முதல் தடவை பார்க்கிறவர்கள், பஸ்ஸில் வந்த களைப்பில் தூங்கிவிட்டார் என்றே நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். நினைத்ததோடு நிற்காமல் பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிச் சிரிக்கவும் செய்தேன். எழுதியதை நாங்கள் வாசித்துக்கொண்டே போவோம். ஏதாவது ஓரிடத்தில் டக்கென்று கண்ணைத் திறப்பார். சும்மா பார்ப்பார். அந்த இடத்தில் நாங்கள் பொய் எழுதியிருப்போம். பிறகுதான் அந்தக் கேள்வி வரும்.

"இது யாருக்குப் பயந்து எழுதுனது?"

நான் பிள்ளைக்காம்பரா ஆயம்மா. வாசலில் இப்போது வேறு பெயரில் பெரிய போர்டு தொங்குகிறது, அதை யாரும் வாசிப்பதில்லை. எஹலியகொடையிலிருந்து உள்ளே வரும் தோட்டம் எங்களுடையது. கீழே ரப்பர், மேலே தேயிலை. தாய்மார் ரப்பர் பால் வெட்டவும் கொழுந்து பறிக்கவும் போகிற நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் வரமாட்டார்கள் என்பதால் பிள்ளைக்காம்பரா ஹோலை எழுத்து வகுப்புக்குக் கேட்டார்கள். இரத்தினபுரியில் இருந்த ஓர் அமைப்பு, தோட்டத்துப் பெரியவர்களுக்குக் கதை எழுதச் சொல்லிக்கொடுக்க டீச்சரை அனுப்பியது. பெரியவர்களுக்குக் கதை எதற்கு, கூரைத் தகரம் கொடுத்தால் போதாதா என்று நான் வாய்விட்டே சொன்னேன். ஆனால் சாவி என்னிடம் இருந்தது. கதவைத் திறந்துவிட்டு வெளியே நின்றால் மழை, உள்ளே நின்றால் எழுது என்கிறார்கள். அப்படித்தான் நான் எழுத்தாளரானேன்.

அவர், இவர் என்று எழுதுகிறேனே தவிர, டீச்சர் என்னைவிட இளையவர். முப்பதைத் தாண்டியிருப்பார். அவரும் தோட்டத்துப் பிள்ளைதான். அப்பா வேறொரு தோட்டத்தில் பால் வெட்டினவர். படித்து, கல்யாணம் முடித்து, இரத்தினபுரி டவுனில் ஆற்றோரமாகக் குடியிருந்தார். மெல்லிய குரல். தகரத்தில் மழை விழுந்தால் அவர் பேசுவது பின்வரிசைக்குக் கேட்காது. இந்தக் குரலை வைத்துக்கொண்டு எங்களுக்குத் துணிச்சலான குரலைக் கண்டுபிடித்துத் தரப்போவதாகச் சொன்னால் சிரிப்பு வருமா வராதா? பிளேன் டீயோடு கித்துள் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு, பிள்ளைகள் உட்காரும் குட்டிப் பலகையில் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்திருப்பார்.

நான் முதலில் எழுதியது இன்னும் மனப்பாடம். 'எங்கள் தோட்டம் அழகிய தோட்டம். பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் காட்சி தரும்.' இரண்டாவது வரியிலேயே கண் திறந்துவிட்டது.

"இது யாருக்குப் பயந்து எழுதுனதுக்கா?"

"எனக்கு யாரு பயம் டீச்சர்? தொரைக்கே பயப்பட மாட்டேன்."

"தொரைக்கு இல்ல. இஸ்கூல்ல கட்டுரை எழுதச் சொன்ன சேருக்கு. அவரு இப்ப உயிரோட இருக்காரா?"

"செத்து எத்தனையோ வருசமாச்சு."

"செத்தவருக்கு ஏங்க்கா இன்னும் பயப்படுறீங்க? நீங்க மலைல கம்பளத்தப் பாத்திருக்கீங்களா? என்ன பாத்தீங்க?"

எனக்குக் கோபம் வந்தது. "அட்டை பாத்தேன்" என்றேன். "காலு நெறைய அட்டை. பிள்ளைக்குப் பால் குடுக்க ஓடியாந்தவளுக்கு நெஞ்சுல அட்டை கடிச்சு, பிள்ள வாயெல்லாம் ரெத்தம். நான்தான் தொடச்சுவிட்டேன்."

டீச்சர் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். "ம், சொல்லுங்க" என்றார். அன்றைக்கு நான் சொன்னதைத்தான் பிறகு எழுதினேன். எழுதி முடித்தபோது எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது. அதுவரை அப்படி ஒன்று வந்ததில்லை.

சந்தியில் கடை வைத்திருக்கும் நானாவும் வகுப்புக்கு வருவார். எங்கள் தோட்டத்துக்கே கடனுக்கு அரிசி கொடுக்கிற முஸ்லிம் மனிதர். வாடிக்கையாளர்கள் தனக்குச் சொந்தக்காரர்கள் மாதிரி என்று அவர் எழுதியதைக் கேட்டு டீச்சர் கண்ணைத் திறந்தார். நானா சிரித்துச் சமாளித்துப் பார்த்தார். முடியவில்லை. ஒரு முறை நாட்டில் முஸ்லிம்களுக்கு எதிராகப் பிரச்சினை வந்த கிழமை, கடையின் கதவை உள்ளே பூட்டிக்கொண்டு, பிள்ளைகள் இருமினால் வாயைப் பொத்தி, வெளியே போகிற ஒவ்வொரு காலடியையும் யாருடையது என்று கணித்துக்கொண்டு இருந்த கதையைச் சொன்னார். அந்தக் காலடிகளில் தன்னிடம் அரிசி வாங்கினவர்களுடையதும் இருந்தது என்றார். டீச்சர் கடைசிவரை கண்ணைத் திறக்கவில்லை.

"இத அப்படியே எழுதுங்க நானா."

"சொல்லிட்டேன் டீச்சர். எழுத மாட்டேன். நீங்க அஞ்சு மணி பஸ்ல போயிருவீங்க. என் கடை இங்கதான் இருக்கு."

டீச்சர் "சரி நானா" என்றார். ஆனால் முகம் சரி என்று சொல்லவில்லை. அந்த மனிதர் சொன்னதை டீச்சர் அன்றைக்கே காதில் போட்டுக்கொண்டிருக்கவேண்டும் என்று எனக்கு இப்போதும் ஆற்றாமையாக இருக்கிறது.

இனி புஷ்பாவைப் பற்றிச் சொல்லவேண்டும். புஷ்பா எங்கள் லயத்து வரிசை வீடுகளில் கடைசிக் காம்பரா. கொழுந்து பறிக்கிறவள், இரண்டு பிள்ளைகள். அவளுடைய புருஷன் தோட்ட வேலை முடிந்த பிறகு ஓடைப்பக்கம் தோண்டியிருந்த மாணிக்கக் குழியில் இறங்கி மண் வெட்டுவான். லைசன் இல்லாத குழி. அதை நடத்தியவர் வெளியார் இல்லை, எங்கள் தலைவரேதான். சங்கத்துக்கும் அவர் தலைவர், கோயிலுக்கும் அவர் தலைவர். லயத்தில் பாதி ஆண்கள் அந்தக் குழியை நம்பித்தான் மாதக் கடைசியை ஓட்டினார்கள். ஒரு மழை நாளில் குழியின் பக்கச்சுவர் சரிந்து அவன் செத்தான். கூட இருந்தவர்கள் தூக்கியெடுத்து, மண்ணை ஓடையிலேயே கழுவி, குளிக்கப் போய் வழுக்கி விழுந்தவன் மாதிரி கரையில் கிடத்தினார்கள். விசாரிக்க வந்தவர்களிடம் லயமே அதைத்தான் சொன்னது. குழி என்று சொன்னால் அத்தனை ஆண்களும் மாட்டுவார்கள். புஷ்பாவும் தலையை ஆட்டினாள். ஆனால் பிணத்தைக் குளிப்பாட்டும்போது அவனுடைய காதுக்குள் குழியின் வெள்ளைக் களிமண் அடைத்திருந்ததை அவளும் பார்த்தாள், தண்ணீர் ஊற்றிய நானும் பார்த்தேன்.

எங்கள் சாவு வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. பெண்கள் தோளில் தோள் போட்டு வட்டமாக உட்கார்ந்து ஒப்பாரி வைக்கிறபோது யாரைப் பற்றியும் எதையும் சொல்லலாம். சோறு போடாத மருமகள், நகையை அமுக்கிய அண்ணன், அடித்துக் கொன்ற மாமியார், எல்லாரும் பெயர் சொல்லி இழுக்கப்படுவார்கள். இழுக்கப்பட்டவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்கவேண்டும். எழுந்து போகக்கூடாது. மறுநாள் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவும் கூடாது. அன்றைக்குப் புஷ்பா மாரில் அடித்துக்கொண்டு பாடினாள்.

"மண்ணு ஊறிக் கெடக்கையில எறக்கிவிட்டீங்களே தலைவரே,
முட்டுக்கட்ட குடுக்காத குழியில என் ராசாவக் கைவிட்டீங்களே."

தலைவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார். பெட்டி வாங்கியது அவர்தான். மறுநாள் புஷ்பா வீட்டுக்கு விறகும் அவர்தான் அனுப்பினார். யாரும் எதுவும் கேட்கவில்லை.

சில மாதம் கழித்து புஷ்பாவை வகுப்புக்கு இழுத்து வந்தது நான்தான். வீட்டில் தனியாகக் கிடக்கிறாளே, நாலு பேரோடு உட்காரட்டும் என்று நினைத்தேன். அவள் எழுதிக்கொண்டு வந்தது 'என் கணவர் ஓடையில் தவறி விழுந்து இறைவனடி சேர்ந்தார்.' டீச்சரின் கண் திறந்தது. அந்தக் கேள்வியும் வந்தது. புஷ்பா அழத் தொடங்கினாள். டீச்சர் அவளை அழ விட்டார். எங்களைப் பார்த்து அன்றைக்குச் சொன்னதுதான் அவருடைய முழுப் பாடமும்.

"நீங்கல்லாம் பெரிய கதைக்காரிங்க. உங்களுக்கு நான் சொல்லிக்குடுக்க ஒண்ணுமில்ல. சாவு வீட்ல உங்க கொரலு எப்படி வருது? அங்க யாருக்காச்சும் பயப்படுறீங்களா? அந்தக் கொரல அப்படியே எடுத்துட்டு வாங்க. அழுகைய மட்டும் அங்கயே விட்டுட்டு வாங்க. அழுதா பாவம்னு சொல்லிட்டுப் போயிருவாங்க. அழாமச் சொன்னா நின்னு கேப்பாங்க."

பல ஞாயிற்றுக்கிழமைகள் புஷ்பாவை அந்தக் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தார். அழுகை முட்டுகிற இடம் வந்தால், "மூச்சு விடுங்க, மறுபடி சொல்லுங்க" என்பார். களிமண் வருகிற இடத்தில் ஒவ்வொரு தடவையும் அவள் உடைவாள். ஒரு நாள் உடையாமல் கடந்தாள். கண்ணை மூடியிருந்த டீச்சரின் கன்னத்தில் தண்ணீர் ஓடியது. புஷ்பாவின் கண் காய்ந்திருந்தது. அன்றைக்கு அவள் வீட்டுக்கு நடந்த நடையே வேறு மாதிரி இருந்தது, நிமிர்ந்து போனாள். அதை நான் பார்த்தேன் என்பதால்தான் டீச்சரை இன்றைக்கும் என்னால் முழுசாக வெறுக்க முடியவில்லை.

கோயில் திருவிழாவில் பிள்ளைகளின் டான்ஸுக்கு நடுவே எங்கள் வகுப்புக்கும் மேடையில் கொஞ்ச நேரம் கிடைத்தது. டீச்சர் கேட்டார், தலைவர் சந்தோஷமாகச் சம்மதித்தார். நம் ஜனங்கள் கதை வாசிப்பது அவருக்கும் பெருமைதானே. புஷ்பா எதை வாசிக்கப் போகிறாள் என்று தெரிந்ததும் டீச்சரைத் தனியாகப் பிடித்தேன்.

"டீச்சர், வகுப்புல சொல்றது வேற, மேடைல..."

"யாருக்குப் பயந்துக்கா கேக்குறீங்க?"

அந்தக் கேள்விக்கு முன்னால் யாரால் என்ன பேச முடியும்.

முதலில் நான் அட்டைக் கதையை வாசித்தேன். சிரித்தார்கள், சிலர் உச்சுக் கொட்டினார்கள். பிறகு புஷ்பா மைக்கைப் பிடித்தாள். "என் புருசன் ஓடையில வழுக்கி விழல" என்று தொடங்கினாள். காலையில் ரொட்டி கட்டிக் கொடுத்தது, மழை பிடித்தது, கூட இருந்தவர்கள் பிறகு அவளிடம் சொன்னபடி, மேலே ஏறவா என்று அவன் கீழேயிருந்து கேட்டது, இன்னும் ஒரு கூடை என்று தலைவர் சொன்னது, பிறகு மண், பிறகு ஓடையில் கழுவியது, பிறகு காது. குரல் ஆடவே இல்லை. கொழுந்து நிறுக்கிற இடத்தில் நின்று பேசுகிற குரல். மாலையும் கழுத்துமாக முன்வரிசையில் இருந்த தலைவர், கேட்டுக்கொண்டே மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்து போனார். ஒருவரும் கை தட்டவில்லை. என் பக்கத்தில் நின்றவள் மெதுவாகச் சொன்னாள்.

"கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல பாருங்க. புருசன் செத்தத நியூஸ் வாசிக்கிற மாதிரி வாசிக்கிறா."

டீச்சர் மேடைக்குப் பக்கத்தில் கண்ணை மூடி நின்றுகொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு நிறைவு. பிறகு ஐந்து மணி பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

நல்லதோ கெட்டதோ, ஒலிபெருக்கியில் சொன்னது தோட்டத்தோடு நிற்காது. போலீஸ் வந்தது. குழி மூடப்பட்டது. தலைவரையும் நாலைந்து ஆண்களையும் கூட்டிக்கொண்டு போனார்கள், அதில் புஷ்பாவின் கொழுந்தனும் ஒருவன். எல்லாரும் கொஞ்ச நாளில் திரும்பி வந்தார்கள். திரும்பி வந்த பிறகு யாரும் அவளை அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. பேசவில்லை, அவ்வளவுதான். மலையில் அவளுக்கு அடுத்த நிரையில் நிற்க ஆள் இல்லை. பைப்படியில் அவள் குடத்தைக் கண்டால் மற்றக் குடங்கள் நகர்ந்தன. நான் பேசினேன். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை, அவளுடைய சின்னப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத்தானே எனக்குச் சம்பளம். காம்பரா அவளுடைய மாமனார் பெயரில் இருந்தது. கொழுந்தன் வாசலில் நின்று, மரியாதை குறையாமல்தான் சொன்னான்.

"அன்னிக்கு அழுதுகிட்டுச் சொன்னீங்க அண்ணி, நாங்க தாங்கிக்கிட்டோம். மைக்குல அழாமச் சொன்னீங்களே, அதத்தான் தாங்க முடியல. காம்பராவ விட்டுருங்க."

அவன் சொன்னதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒப்பாரியில் அழுகை இருப்பதால்தான் நாங்கள் மன்னிக்கிறோம். அழுகிறவள் நம்மிடம் எதையும் கேட்கவில்லை, ஆற்றிக்கொள்கிறாள். அழாமல் சொல்கிறவள் பதில் கேட்கிறாள். இது தோட்டத்தில் பிறந்த டீச்சருக்குத் தெரியாதா? தெரியும். பதில் கேட்கவேண்டும் என்றுதான் அவர் அழுகையை எடுக்கச் சொன்னார். பதில் இப்படி வரும் என்பதை மட்டும் யோசிக்கவில்லை. நாங்களும் முழுசாக யோசிக்கவில்லை. ஒப்பாரியில் கிடைத்த மன்னிப்பு அதே வார்த்தைகளுக்கு மேடையிலும் கிடைக்கும் என்று நம்பினோம்.

டீச்சர் புஷ்பாவைப் பார்க்க வந்தார். அவள் சாமான்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். பெரிய பிள்ளை கலவானையில் தாய்வீட்டுக்கு, சின்னது கொழுந்தன் பெண்சாதியிடம், அவள் கொழும்பில் ஒரு வீட்டு வேலைக்கு என்று முடிவாகியிருந்தது. டீச்சர் வெகுநேரம் சாக்கின் வாயைப் பிடித்துக்கொடுத்துக்கொண்டு நின்றார்.

"இதையும் எழுதுங்க புஷ்பா" என்றார் கடைசியில்.

"எழுதி?"

புஷ்பா சாக்கின் வாயை இழுத்துக் கட்டினாள்.

"எழுதி எங்க வச்சுப் படிக்கிறது டீச்சர்? ஊடே இல்லையே."

அதற்கு அடுத்த ஞாயிறும் டீச்சர் வந்தார். நானா வரவில்லை, யாரும் வரவில்லை. நான் மட்டும் கதவைத் திறந்தேன். மழை தகரத்தைப் பிளந்தது. குட்டிப் பலகையில் உட்கார்ந்து கருப்பட்டியைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார், கடிக்கவில்லை.

"இனி வர மாட்டேங்க்கா. ஒங்க தோட்டத்துப் பக்கம் போக வேணாம்னு ஆஃபீஸ்ல சொல்லிட்டாங்க."

"யாருக்குப் பயந்து டீச்சர்?" என்றேன். வாய் தவறி வரவில்லை. வேண்டுமென்றேதான் கேட்டேன். எனக்குக் கோபம் அப்படி இருந்தது.

அவர் என்னை நேராகப் பார்த்துத்தான் சொன்னார். "சம்பளத்துக்குப் பயந்து. வீட்டுக்காரருக்கு வேலை இல்லக்கா. பிள்ளைக்கு இப்பத்தான் பள்ளிக்கூடம் ஆரம்பிக்குது." கருப்பட்டியைப் பலகையில் வைத்துவிட்டு, "புஷ்பாவ நெனச்சா தூக்கம் வருதில்ல" என்றார். பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். அதனால் கோபம் குறைந்ததா என்றால், இல்லை. வாசல்வரை வந்து குடையை விரித்தவர், "கதவப் பூட்டிருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு நான் அவரை உயிரோடு பார்க்கவில்லை. பிந்தி வந்த ஒரு மழைக்காலத்தில் களுகங்கை பெருகி டவுனுக்குள் வந்தது. வருஷா வருஷம் வருவதுதான். தண்ணீர் வடிந்ததும் டீச்சர் செருப்பில்லாமல் வீட்டுக்குள் இறங்கிச் சேற்றை வாரியிருக்கிறார். காய்ச்சல் வந்தது, பனடோல் போட்டுக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறார். எலிக்காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குப் போனபோது கிட்னி போய்விட்டதாம். கடைக்கு வந்த யாரோ சொல்லி நானாதான் எனக்குச் செய்தி கொண்டுவந்தார். நான் கொழும்புக்குப் போன் பண்ணிப் புஷ்பாவிடம் சொன்னேன். "ம்" என்று வைத்துவிட்டாள்.

நானாவும் நானும் பஸ்ஸில் போனோம். வீட்டுச் சுவரில் ஜன்னல் உயரத்துக்கு வெள்ளத்தின் கறை அப்படியே இருந்தது. அந்தக் கறைக்குக் கீழே பெட்டி வைத்திருந்தார்கள். டீச்சர் பிறந்த தோட்டத்திலிருந்து வந்த பெண்கள் வட்டம் கட்டி ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். நானும் போய்த் தோளில் கை போட்டேன். அழுகை தானாக வந்தது. எவ்வளவு கோபம் இருந்தாலும், என்னை எனக்குக் காட்டினவர் அவர்தான்.

புஷ்பா மத்தியானம் வந்தாள். மெலிந்திருந்தாள். எங்கள் வட்டத்துக்கு வரவில்லை. பெட்டியின் தலைமாட்டுக்குப் போய் நின்றாள். ஏதோ சொல்லப்போகிறாள் என்று தெரிந்ததும் ஒப்பாரி தானாக நின்றது. டீச்சரின் அம்மா அவளை அண்ணாந்து பார்த்தார். யார் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

"சொல்லும்மா. மனசுல எதையும் வச்சுக்காத. அழுது சொல்லு."

"அழ வேணாம்னு டீச்சர்தாம்மா சொல்லிக்குடுத்தாங்க" என்றாள் புஷ்பா.

பிறகு பெட்டியைப் பார்த்துப் பேசினாள். மேடையில் பேசிய அதே குரல்.

"டீச்சர், நீங்க சொன்னீங்கன்னு நான் அழாமச் சொன்னேன். எனக்கு ஊடு போச்சு. பெரியவ ஒரு பக்கம், சின்னவன் ஒரு பக்கம். சின்னவன் இப்ப என்னய அத்தைங்கிறான். நீங்க அஞ்சு மணி பஸ்ல போயிட்டீங்க. சாக்கு கட்டையில வந்து நின்னீங்க, பொறகு வரவேயில்ல. ஒரு போன் கூடப் பண்ணல. அதுக்கு ஒங்கள நான் மன்னிக்கல. ஆனா அவரு எப்படிச் செத்தாருன்னு இந்த ஒலகத்துல ஒரு தடவதான் உண்மையா சொல்லியிருக்கு. அத நான்தான் சொன்னேன். நீங்க இல்லன்னா சொல்லியிருக்க மாட்டேன். ரெண்டும் உண்மை டீச்சர். ரெண்டையும் கேட்டுக்கிட்டுப் போங்க."

நான் புஷ்பாவைப் பார்க்கவில்லை, பெட்டிக்குள் டீச்சரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சொல்லி முடிக்கும்வரை கண் மூடியே இருந்தது.